ஊசிக்கு முன் ஒரு கேள்வி

தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும் பெரியவர்களின் மேற்கையைக் கவனித்துப் பாருங்கள். வட்டமாக, அம்மை குத்திய தழும்பு இருக்கும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் கன்றுக்குட்டித் தோலில் வளர்த்த மருந்து விட்டுப்போன வடு அது. அதற்குப் பின்னால் சட்டமும் இருந்தது. பெரியம்மைத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கும் பொறுப்பை 1939-ஆம் ஆண்டு மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம் உள்ளாட்சிகளிடம் கொடுத்தது.

அம்மை குத்த வருகிறார்கள் என்றால் பிள்ளைகளை ஒளித்துவைத்தவர்கள் உண்டு. அவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. வைசூரி அவர்களுக்கு மாரியம்மன் வருகை. குத்தினால் புண், காய்ச்சல். விளக்கிச் சொல்ல யாருமில்லை. இங்கிலாந்திலேயே 1853-இல் வந்த கட்டாயச் சட்டத்தை மக்கள் எதிர்த்து, 1898-இல் மனசாட்சி விலக்குப் பெற்றார்கள். ஆனாலும் இந்தியாவில் 1975-க்குப் பிறகு பெரியம்மை இல்லை. அந்த ஊசிக்கு நாம் பட்ட கடன் பெரிது.

பயம் மட்டும் போகவில்லை. 2008-இல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்தன. 2017-இல் தட்டம்மை-ரூபெல்லா முகாமின்போது வாட்ஸ்அப் வதந்தி பள்ளி வாசல்வரை வந்தது. 2021 நவம்பரில் அதே 1939 சட்டத்தின் பேரில், பொது இடங்களுக்கு வருபவர்கள் கொரோனா ஊசி போட்டிருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

2022 மே 2 அன்று, கொரோனா ஊசிக் கட்டாயத்தை எதிர்த்து ஜேக்கப் புலியேல் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது: யாருக்கும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, உடல்மீதான உரிமை அரசியல் சாசனம் 21-ஆம் பிரிவில் அடங்கும். அதே சமயம், தொற்றைத் தடுக்க நியாயமான அளவில் அரசு கட்டுப்பாடு விதிக்கலாம். பக்கவிளைவுத் தகவல்களை மக்கள் பார்க்கும்படி வெளியிடவும் உத்தரவிட்டது.

ஆகவே புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குழந்தையைத் தூக்கிப் போகும்போது, என்ன ஊசி, என்ன வரலாம் என்று செவிலியரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், தவிர்க்காதீர்கள். அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். குழந்தைக்கு மூச்சுத் திணறலோ வலிப்போ வந்தால் 108; சந்தேகம் கேட்க 104. பாதிப்பு ஏற்பட்டால் மாவட்ட சுகாதார அலுவலருக்கு எழுதிக் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். காசு கொடுத்துப் போட்ட தனியார் மருத்துவமனையில் கவனக்குறைவு நடந்திருந்தால், இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அதற்கு ரசீதும், மருந்தின் தொகுதி எண் குறித்த தடுப்பூசி அட்டையும் கையில் இருக்க வேண்டும்.