மலைமேல் டியூடர் மாளிகை, திரையில் டியூடர் மன்னர்

கேமரன் மலைக்கு வந்து போகிறவர்களின் நினைவில் தேயிலைச் சரிவுகளுக்கு அடுத்தபடியாகத் தங்குபவை, வெள்ளைச் சுவரின்மீது கருநிற மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் பழைய தோற்றமுடைய விடுதிகளே எனலாம். ரிங்லெட் அருகிலுள்ள லேக்ஹவுஸ், தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையே கோல்ஃப் திடலை ஒட்டி 1930களில் எழுந்த ஸ்மோக்ஹவுஸ் ஆகியவை இவ்வகைக்குப் பெயர்பெற்றவை. கட்டடக் கலையில் இதனை டியூடர் பாணி என்பர். டியூடர் என்பது 1485 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்ட அரச குடும்பத்தின் பெயர்; அக்குடும்பத்தின் இரண்டாம் மன்னரே, ஆறு பெண்களை மணந்து அவர்களுள் இருவரின் தலையை வெட்டச் செய்த எட்டாம் ஹென்றி. வெளிநாட்டுத் தொடர்கள் கைப்பேசி வழியாகத் திரிங்காப்பின் காய்கறித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளுக்கும் எட்டிவிட்ட இக்காலத்தில், அம்மன்னரைப் பற்றிய தொடர் ஒன்றை இங்கிருந்து பார்க்கும் தமிழருக்கு, அந்தப் பெயரின் இரு முகங்களும் ஒரே ஊரில் கிடைக்கின்றன.

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்த இம்மலைப்பகுதி, 1920களின் நடுப்பகுதியில் அதிகாரியான ஜார்ஜ் மேக்ஸ்வெல்லின் முனைப்பால் மலை வாசத்தலமாக வளரத் தொடங்கியது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். சமவெளியின் வெக்கையிலிருந்து விலகிக் குளிரைத் தேடி வந்த ஆங்கிலேயர்கள், தங்கள் நாட்டின் கிராமத்து விடுதியை அப்படியே மலைமேல் எழுப்பிக்கொள்ள விரும்பினர். உண்மையான டியூடர் காலத்து வீட்டில் கருவாலி மரச்சட்டமே கூரையின் பாரத்தைத் தாங்கும். சட்டங்களுக்கு இடைப்பட்ட வெளியை, பின்னிய மிலாறுகளின்மேல் களிமண் பூசி அடைப்பார்கள். பிற்காலத்தில் இப்பாணியைத் தழுவி எழுந்த கட்டடங்களிலோ பாரத்தைப் பெரும்பாலும் செங்கல்லோ காங்கிரீட்டோ தாங்க, மரச்சட்டம் சுவரின்மேல் அணியாக நிற்கிறது. சட்டங்களுக்குக் கருநிறம் பூசுவதும் பெருமளவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவிய வழக்கமே. இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழர்கள் நன்கறிந்த நுவரெலியாவின் அஞ்சலகமும் கிராண்ட் ஹோட்டலும் இதே ஏக்கத்திலிருந்து பிறந்தவை. தமிழ்த் தொழிலாளர்கள் கொழுந்து பறித்த மலைகளில், துரைமார் தங்கள் தாயகத்தின் நினைவாக எடுத்து நிறுத்திய காலம், குளிர்காயும் அடுப்பும் ரோஜாத் தோட்டமும் கூடிய இனிய பழங்காலமாகவே தோற்றமளித்தது.

அந்தக் காலத்தின் மறுபக்கத்தை உலகெங்கும் கொண்டுசென்ற அண்மைக்காலத் தொடர்களுள் முதன்மையானது, அமெரிக்காவின் ஷோடைம் அலைவரிசையில் 2007 முதல் 2010 வரை நான்கு பருவங்களாக, 38 பகுதிகளில் ஒளிபரப்பான 'தி டியூடர்ஸ்'. மைக்கேல் ஹிர்ஸ்ட் எழுதி உருவாக்கிய அத்தொடர் அயர்லாந்தில் படமாக்கப்பட்டது. ஜோனதன் ரீஸ் மையர்ஸ் மன்னராகவும், மரியா டாயில் கென்னடி முதல் அரசியாகவும், நத்தலி டோர்மர் இரண்டாம் அரசியாகவும் நடித்தனர். மன்னரின் மோகம், சினம், நண்பரையும் பலியிடும் மனம் ஆகியவற்றை இழையிழையாகக் காட்டும் அத்தொடரை ஒருமுறை பார்க்கத் தொடங்கினால் இடையில் விடுவது கடினம். எனினும் அது காட்டுவது கொடுமையின் ஒரு பாதிதான். ஹென்றியின் கொடுமை அவரது மனநிலையில் மட்டும் இருந்ததன்று. அது சட்டமாக எழுதப்பட்டு, நாடாளுமன்றத்தில் நிறைவேறி, முத்திரை இடப்பட்டு நடந்தது.

கதையின் வேரில் இருப்பது தமிழ்க் குடும்பங்களும் நன்கறிந்த ஒரு கவலை: ஆண் வாரிசு. ஹென்றியின் தந்தை போர்க்களத்தில் வென்று முடி சூடியவர் என்பதால், அக்குடும்பத்தின் உரிமை இன்னும் உறுதிப்படாத நிலையில் இருந்தது. அண்ணன் ஆர்தர் 1502இல் இறந்தபின், அவரது மனைவியான ஸ்பெயின் இளவரசி அரகோனின் கேத்தரினை 1509இல் ஹென்றி மணந்தார். பல முறை கருவுற்றும், 1516இல் பிறந்த மேரி என்னும் பெண் குழந்தை மட்டுமே பிழைத்தது. அண்ணன் மனைவியை மணந்தது இறைவனின் கட்டளைக்கு மாறானது, ஆகவே அத்திருமணம் தொடக்கம் முதலே செல்லாது என்று மன்னர் வாதிட்டார். அதனை ஏற்கும் அதிகாரம் உரோமைத் திருத்தந்தைக்கே உண்டு; அவரோ, 1527இல் உரோமையைச் சூறையாடிய படைகளுக்குத் தலைவரும் கேத்தரினின் உடன்பிறந்தாள் மகனுமான பேரரசர் ஐந்தாம் சார்லஸின் பிடியில் இருந்தார். 1529ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இலண்டனின் பிளாக்ஃபிரையர்ஸ் மடத்தில் கூடிய திருச்சபை நீதிமன்றத்தில், கேத்தரின் நீதிபதிகளை நோக்கிப் பேசாமல் நேரே மன்னரின் காலடியில் மண்டியிட்டு, இருபதாண்டு காலம் உண்மையான மனைவியாக வாழ்ந்ததை எடுத்துரைத்து, தன் வழக்கை உரோமைக்கே விடுவதாகச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே நடந்தார். பெயர் சொல்லி அழைத்தும் அவர் திரும்பவில்லை. டியூடர் வரலாற்றில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்க துணிவான செயல்கள் மிகச் சில. தொடரிலும் கென்னடியின் நடிப்பில் அக்காட்சி மிக உயர்ந்து நிற்கிறது.

உரோமை இணங்காதபோது ஹென்றி சட்டத்தை மாற்றினார். 1534இல் நிறைவேறிய மேலாண்மைச் சட்டம் அவரை இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவராக்கியது. அதே ஆண்டின் இராசத்துரோகச் சட்டம், மன்னருக்கு எதிராகச் சொன்ன சொல்லையே மரண தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அத்தலைமையை ஏற்க மறுத்த முன்னாள் தலைமை அமைச்சர் தாமஸ் மோர் 1535இல் தலை வெட்டப்பட்டார். 1536க்கும் 1540க்கும் இடையே ஏறத்தாழ 800 துறவு மடங்கள் மூடப்பட்டு, அவற்றின் நிலங்கள் அரசுடைமையாகி, பெருமளவு பிரபுக்களுக்கும் செல்வர்களுக்கும் விற்கப்பட்டன. பழைய இங்கிலாந்தின் அழகு என்று போற்றப்படும் மாளிகைகளுள் பல, அப்படிப் பறிக்கப்பட்ட நிலத்தில் எழுந்தவை.

இரண்டாம் அரசி ஆன் பொலினின் முடிவு இச்சட்டக் கருவியின் தன்மையைத் தெளிவாகக் காட்டுகிறது. 1533இல் எலிசபெத்தைப் பெற்ற அவர், ஆண் குழந்தையைப் பெறாத நிலையில், 1536ஆம் ஆண்டு மே மாதத்தில் தன் உடன்பிறந்தவர் உட்பட ஐந்து ஆண்களோடு தகாத உறவு கொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்டார். அக்குற்றச்சாட்டுகளைப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் இன்று நம்புவதில்லை. மே 17 அன்று அவரது திருமணமே செல்லாதது என்று திருச்சபை நீதிமன்றம் அறிவித்தது. மே 19 அன்று, கலேயிலிருந்து வரவழைக்கப்பட்ட வாள்வீரன் ஒருவனால் அவர் கொல்லப்பட்டார். மனைவியே அல்லர் என்றால் கணவனுக்குத் துரோகம் செய்தார் என்னும் குற்றம் எங்கே நிற்கும் என்ற கேள்விக்கு யாரும் விடை தேடவில்லை. அரசுக்கு இரண்டு தாள்களும் தேவைப்பட்டன: ஒன்று அவரது உயிரை எடுத்தது, மற்றொன்று அவர் மகளின் வாரிசுரிமையை எடுத்தது.

அடுத்த சில நாள்களிலேயே மணம் செய்யப்பட்ட ஜேன் சீமோர், 1537 அக்டோபரில் எட்வர்டைப் பெற்று, பன்னிரண்டு நாள்களில் இறந்தார். 1540 சனவரியில் மணம் முடிக்கப்பட்ட கிளீவ்ஸ் நாட்டு ஆன், ஆறு மாதத்தில் திருமணம் முறிக்கப்பட்டபோது எதிர்க்காமல் இணங்கி, வீடுகளும் வருமானமும் பெற்று, மன்னருக்குப் பின்னும் பத்தாண்டுகள் வாழ்ந்தார்.

ஐந்தாம் அரசி கேத்தரின் ஹோவர்டின் வரலாறே எல்லாவற்றிலும் மனத்தை உலுக்குவது. ஏறத்தாழ இருபது வயதையே எட்டியிருந்த அப்பெண், திருமணத்துக்கு முந்தைய உறவுகளுக்காகவும், பின்னர் அரசவை இளைஞர் ஒருவரை இரவில் தனியே சந்தித்ததற்காகவும் சிறைப்பட்டார். அவருக்கு நீதிமன்ற விசாரணை நடக்கவே இல்லை. மாறாக அட்டெய்ண்டர் என்னும் முறை கையாளப்பட்டது. அதாவது, குற்றவாளி என்பதையும் தண்டனையையும் நாடாளுமன்றமே ஒரு சட்டமாக நிறைவேற்றிவிடும், சாட்சியும் வாதமும் இராது. சட்டத்துக்கு மன்னர் நேரில் வந்து ஒப்புதல் தர வேண்டும் என்பது மரபு. தன் மனைவியின் கதையை முழுதும் வாசிக்கக் கேட்கும் துயரத்தை மன்னருக்குத் தவிர்க்க, ஆணையர்கள் வழியாக ஒப்புதல் தரலாம் என்று புது விதி செய்யப்பட்டது. கேத்தரினின் தோழியாயிருந்த ரோச்ஃபோர்டு சீமாட்டி சிறையில் மனநிலை பிறழ்ந்தபோது, இராசத்துரோகக் குற்றத்தில் பித்துற்றவரையும் கொல்லலாம் என்று இன்னொரு சட்டம் இயற்றப்பட்டது. 1542 பிப்ரவரி 13 அன்று இருவரும் ஒரே மேடையில் இறந்தனர். ஒப்புதல் பற்றிய அச்சட்டம் 1967 வரை இங்கிலாந்தின் சட்டநூலில் நீடித்தது. கேமரன் மலையில் முதல் டியூடர் பாணி விடுதிகள் எழுந்தபோது அது நடப்பில் இருந்தது.

இவ்வளவையும் ஒரு தொலைக்காட்சித் தொடரால் காட்டிவிட முடியுமா என்பது நியாயமான கேள்வி. சட்ட வரைவைக் காட்டுவதைவிடப் படுக்கையறையைக் காட்டுவது எளிது. 'தி டியூடர்ஸ்' பல வேளைகளில் எளியதையே தேர்ந்தது. ஹென்றியின் இரு சகோதரிகளை ஒருவராக்கி, போர்ச்சுகல் மன்னருக்கு மணம் முடித்து, அவரைக் கணவனைக் கொல்லவும் வைக்கிறது. உண்மையில் மார்கரெட் ஸ்காட்லாந்து மன்னரையும், மேரி பிரான்சு மன்னரையும் மணந்தவர்கள். நோயுற்றுப் பயண வழியில் இறந்த, மன்னரின் அமைச்சராயிருந்த கார்டினல் வூல்சியைத் தொடர் தற்கொலை செய்ய வைக்கிறது. இப்பிழைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்ள இயலாதது, மன்னரின் உடலைப் பற்றிய பொய். ஹென்றி தன் இறுதிக் காலத்தில் பெருத்து, காலில் ஆறாத புண்ணோடு, ஆள் துணையின்றி நகர இயலாதவராக இருந்தார்; அவர் பெருத்திருந்ததற்கு எஞ்சியுள்ள கவசங்களே சான்று. அந்த முதியவருக்கு இளம்பெண் ஒருவர் மனைவியாக்கப்பட்டதன் அச்சம், திரையில் பேரழகனாகவே நிற்கும் நடிகரின் உருவத்தில் மறைந்துபோகிறது. அதிகாரத்தின் கதை காதல் கதையாகத் திரிகிறது.

தமிழ்ப் பார்வையாளருக்கு இங்கே கண்டியின் கடைசி மன்னர் நினைவுக்கு வருவது இயல்பு. கண்ணுச்சாமி என்னும் இயற்பெயருடைய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், தென்னிந்திய நாயக்கர் வழியில் வந்து 1798 முதல் 1815 வரை ஆண்டவர். பல தேவியரை மணந்தவர். தன்னை எதிர்த்து ஆங்கிலேயரிடம் சேர்ந்த எகலப்பொலை என்னும் அதிகாரியின் பிள்ளைகளையும் மனைவியையும் 1814இல் கொல்லச் செய்தார் என்பது இலங்கையில் இன்றும் கண்ணீரோடு சொல்லப்படும் கதை. 2014இல் வெளிவந்த 'எகலப்பொல குமாரிஹாமி' என்னும் சிங்களத் திரைப்படம் அந்த மனைவியைப் பற்றியதே. அக்கொடுமையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 1815 மார்ச் 2 அன்று கண்டியில் கையெழுத்தான உடன்படிக்கையின் முதல் பிரிவைப் படித்தால், விசாரணையின்றி மரண தண்டனை விதித்ததை அம்மன்னரின் பெருங்குற்றங்களுள் ஒன்றாக ஆங்கிலேயர் எழுதியிருப்பதைக் காணலாம். அதனைக் காட்டியே அவரது முடியுரிமையைப் பறித்தனர். விசாரணையின்றிக் கொல்வதைச் சட்டமாகவே ஆக்கி வைத்திருந்த தங்கள் சொந்த மன்னரின் காலத்தையோ, அவர்கள் பிற்காலத்தில் நுவரெலியாவிலும் கேமரன் மலையிலும் அன்போடு கட்டியெழுப்பினர். கண்டி மன்னர் தேவியரோடு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தார். ஒருவர் கொடுங்கோலராகவும் மற்றொருவர் கம்பீரமான மாமன்னராகவும் நிலைபெற்றதில், செய்த செயல்களைவிட எழுதும் கை யாருடையது என்பதற்குப் பங்கு அதிகம்.

ஆகவே டியூடர் கதையைத் திரையில் பார்க்க விரும்புகிறவர், ஒரே தொடரோடு நிறுத்திக்கொள்ளாமல் இருப்பது நல்லது. பிபிசி 1970இல் எடுத்த, கீத் மிச்செல் மன்னராக நடித்த ஆறு பகுதித் தொடர், ஒவ்வொரு பகுதியையும் ஓர் அரசிக்கு ஒதுக்கியது. அங்கே கேத்தரின் ஹோவர்டுக்கும் கிளீவ்ஸ் நாட்டு ஆனுக்கும் மற்றவர்களுக்கு இணையான நேரம் கிடைக்கிறது. ஹிலரி மேன்டலின் நாவல்களைத் தழுவி 2015இல் வந்த 'உல்ஃப் ஹால்', சட்டங்களை வரைந்த தாமஸ் குரோம்வெல்லின் மேசையிலிருந்து கதையைச் சொல்கிறது. மார்க் ரைலன்ஸ் நடித்த அந்தக் குரோம்வெல் உரக்கப் பேசுவதில்லை. எழுதுகிறார், கேட்கிறார், கையொப்பம் பெறுகிறார். 2024இல் வந்த அதன் இரண்டாம் பருவம் 1540 ஜூலை 28இல் முடிகிறது: பிறரை விசாரணையின்றி அழிக்கத் தான் கையாண்ட அதே அட்டெய்ண்டர் சட்டத்தால் குரோம்வெல் கொல்லப்பட்ட நாள் அது. மன்னர் கேத்தரின் ஹோவர்டை மணந்ததும் அதே நாளில்தான்.