சீனி கற்றுக்கொடுத்த ஆங்கிலம்

நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு ஒலிபரப்பு அறையை விட்டு வெளியே வந்தபோது, கைப்பேசியில் ஒரு நேயரின் குரல் பதிவு காத்திருந்தது. பிறை தொழிற்பேட்டையில் இயந்திரப் பிரிவில் வேலை செய்யும் இளைஞர் அவர். “அக்கா, மேற்பார்வையாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு வருது. எல்லாம் இங்கிலீஷ்லதான். என்ன புத்தகம் படிச்சா இங்கிலீஷ் வரும்?”

இதே கேள்விக்கு எனக்குக் கிடைத்த தவறான பதில், என் வாழ்க்கையில் பத்து ஆண்டுகளை விழுங்கியது.

நான் புக்கிட் மெர்தாஜாமில் பிறந்து தமிழ்ப்பள்ளியில் படித்தவள். படிவம் நான்கில் ஆங்கிலத்தில் தடுமாறினேன். லோரி ஓட்டும் அப்பா, ஒருநாள் பாலம் தாண்டி ஜோர்ஜ்டவுன் போனவர், சௌராஸ்தா சந்தை மாடியில் உள்ள பழைய புத்தகக் கடைகளில் தேடி, சார்ல்ஸ் டிக்கன்ஸ் எழுதிய தடித்த நாவல் ஒன்றை வாங்கி வந்தார். “படிச்சவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்கம்மா” என்றார்.

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மாதத்தில் ஆறு பக்கம். ஏழாவது பக்கத்தில் மூடி வைத்தேன். இந்தப் புத்தகம் எனக்கு இப்போது பொருந்தவில்லை என்று நினைத்திருந்தால் பரவாயில்லை. எனக்கு ஆங்கிலமே வராது என்று முடிவு கட்டிவிட்டேன். ஊடகக் கல்வி படித்த காலத்திலும், விரிவுரையாளர் ஏதும் கேட்டுவிடுவாரோ என்று கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தேன்.

என்னை மாற்றியது அம்மாவின் இனிப்பு நீர். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று சொன்ன மருத்துவர், ஆங்கிலத்தில் ஒரு கையேட்டைக் கொடுத்தார். வீட்டில் அதைப் படிக்க வேறு ஆள் இல்லை. அம்மாவுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அன்றிரவு உட்கார்ந்து முழுவதும் படித்தேன். முக்கால்வாசிக்கு மேல் புரிந்தது!

யோசித்துப் பார்த்தேன். இன்சுலின் ஊசி, சோற்றின் அளவு, காலில் ஆறாத புண் எல்லாம் ஏற்கெனவே நான் பார்த்துப் பழகியவை. பொருள் தெரிந்திருந்தது, சொல் மட்டும்தான் புதிது. டிக்கன்ஸிடம் எனக்குப் பொருளும் புதிது, சொல்லும் புதிது.

மொழி ஆய்வாளர்களும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறார்கள். ஹூ, பால் நேஷன் ஆகிய இருவர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு கதையை யார் உதவியும் இல்லாமல் புரிந்துகொள்ள, அதில் சுமார் 98 விழுக்காட்டுச் சொற்கள் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதாவது நூறு சொல்லுக்கு இரண்டு மட்டுமே புதிதாக இருக்கலாம். எனவே கடையில் புத்தகத்தை நடுவில் திறந்து ஒரு பக்கம் படியுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்குங்கள். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அது அடுத்த ஆண்டுக்கான புத்தகம். வெட்கப்படாமல் அலமாரியில் திரும்ப வைத்துவிடுங்கள்.

தொடக்க நிலையில் இருப்பவர்களுக்குப் படிநிலை வாசிப்பு நூல்கள் இருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்ட் புக்வோர்ம்ஸ் வரிசையில் முதல் நிலை 400 அடிப்படைச் சொற்களிலும் ஆறாம் நிலை 2,500 சொற்களிலும் எழுதப்பட்டவை.

அடுத்து, நமக்குத் தெரிந்த உலகத்தைப் பேசும் புத்தகங்கள். லாட் வரைந்த ‘கம்போங் பாய்’ 1979இல் ஆங்கிலத்தில் வந்தது. பாதிக் கதையைப் படமே சொல்லிவிடும். ஆர்.கே. நாராயணின் ‘சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்’ படித்தால், அந்தப் பையன்கள் நம் தெருவிலும் இருப்பார்கள். இன்னும் கொஞ்சம் முன்னேறியவர்களுக்கு கே.எஸ். மணியம் 1981இல் வெளியிட்ட ‘தி ரிட்டர்ன்’ நாவலைச் சொல்வேன். மணியம் நமக்குப் பக்கத்து கெடாவில், பீடோங்கில் பிறந்தவர். ஆங்கிலப் பள்ளிக்குள் நுழையும் ஒரு தமிழ்ச் சிறுவனின் கதை அது. அவன் தயக்கத்தை விளக்க நமக்கு அகராதி தேவையில்லை.

சரி, தெரியாத துறைக்குள் எப்படிப் போவது? நான் போன வழியைச் சொல்கிறேன். அம்மாவுக்காகச் சீனியைப் பற்றிப் படிக்கத் தொடங்கியவளுக்கு, இந்தச் சீனி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுந்தது. நேராகப் பெரிய நூலுக்குப் போகவில்லை. மார்க் ஆரன்சன், மரினா புதோஸ் தம்பதியர் இளையோருக்காக 2010இல் எழுதிய ‘சுகர் சேஞ்ட் த வோர்ல்ட்’ நூலை முதலில் படித்தேன். அதன் பிறகுதான் மானிடவியலாளர் சிட்னி மின்ட்ஸ் 1985இல் எழுதிய ‘ஸ்வீட்னஸ் அண்ட் பவர்’. இரண்டாவது நூல் கடினம்தான். ஆனால் கதை ஏற்கெனவே தெரிந்திருந்ததால் விழுந்து எழுந்து முடித்துவிட்டேன். எந்தத் துறையானாலும் முதல் புத்தகம் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டதாக இருக்கட்டும்.

அங்கிருந்து தேடல் நம் ஊருக்கே திரும்பியது. 19ஆம் நூற்றாண்டில் இந்தச் செபராங் பிறை முழுக்கக் கரும்புத் தோட்டங்கள் பரவியிருந்தன. அவற்றில் உழைக்கத்தான் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் கொண்டுவந்தார்கள். பால்மரம் வந்தது அதற்குப் பிறகு.

புத்தக விலையை நினைத்துத் தயங்க வேண்டாம். செபராங் ஜெயாவில் பினாங்குப் பொது நூலகத்தின் தலைமையகமே இருக்கிறது. வாங்குவோர் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வருமான வரியில் வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 ரிங்கிட் கழிவில் புத்தகமும் அடங்கும்.

அந்த இளைஞருக்கு இப்படிப் பதில் அனுப்பினேன்: “தம்பி, உங்க மிஷினைப் பத்தி எளிமையா எழுதின ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை எடுங்க. தினமும் ஒரு பக்கம் சத்தமா படிங்க. அப்புறம் மூடி வெச்சிட்டு, படிச்சதை உங்க சொந்த வார்த்தையில சொல்லி, போன்ல பதிவு பண்ணிக் கேளுங்க.” படித்தால் மட்டும் பேச்சு வந்துவிடாது, வாயும் பழக வேண்டும். ஒலிவாங்கிக்கு முன்னால் நானும் அப்படித்தான் பழகினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, கரும்புத் தோட்டங்களைப் பற்றி ஆங்கிலத்தில் படித்ததை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். சீனி போடாத தேநீரைக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், “எங்க பாட்டி சொல்வாங்க, நம்ம ஆளுங்க முதல்ல கரும்புக்குத்தான் வந்தாங்கன்னு” என்றார்.

“ஏம்மா இத்தனை நாள் சொல்லல?”

“நீங்க யாரும் கேக்கலையே.”