கைமாறிய வீரரும் கலங்கிய ரசிகரும்

விளையாட்டைக் காண்பவன் மைதானத்தில் இறங்கி ஆடுவதில்லை. ஆயினும் தன் அணி வென்றால் ‘நாம் வென்றோம்’ என்கிறான்; தோற்றால் ‘அவர்கள் தோற்றுவிட்டார்கள்’ என்கிறான். அணியோடு ஒன்றாகவும் வேறாகவும் நிற்கும் இம்மனம், ஒருநாள் தன் அணித்தலைவனே எதிரியின் அணிக்குச் சென்றுவிட்டான் என்று கேட்டால் என்ன பாடுபடும்? அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து ரசிகர்கள் 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, இதனை அனுபவித்தறிந்தார்கள்.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று கூறுவது நேயர்கள் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. முட்டைவடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம் அது. ஒவ்வோர் அணியிலும் பதினொருவர் களத்தில் நிற்பர். பந்தை வைத்திருக்கும் அணி, நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் தூரமாவது முன்னேறவேண்டும். இன்றேல் பந்து எதிரணிக்குச் சென்றுவிடும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்தை முதலில் கையேற்று, அதனை ஓடுபவனிடம் கொடுப்பதா, தொலைவில் உள்ளவனுக்கு எறிவதா, தானே கொண்டு ஓடுவதா என்று சில விநாடிகளில் முடிவுசெய்பவன் குவாட்டர்பாக் எனப்படுவான். கப்பலுக்கு மாலுமி எவ்வாறோ, அணிக்கு அவன் அவ்வாறு. வெற்றி வந்தால் மாலையும், தோல்வி வந்தால் பழியும் முதலில் அவன் கழுத்திலேயே விழும்.

பிலடெல்பியாவின் அணிக்கு ஈகிள்ஸ், அதாவது கழுகுகள், என்று பெயர். 1999ஆம் ஆண்டில் அவ்வணி டொனவன் மக்நாப் என்னும் இளைஞரைத் தெரிந்தெடுத்தது. கல்லூரிகளிலிருந்து வரும் புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிந்தெடுப்பது அந்நாட்டு வழக்கம். முந்திய ஆண்டில் மிகவும் தாழ்ந்து நின்ற அணிகளுக்கே முதலிடம் அளிக்கப்படும். அவ்வாண்டில் இரண்டாவதாகத் தெரியப்பட்டவர் மக்நாப். நியூயோர்க்கில் அவர் பெயர் அறிவிக்கப்பட்டபொழுது, பிலடெல்பியாவிலிருந்து சென்றிருந்த ரசிகர் கூட்டமொன்று கூச்சலிட்டு வெறுப்பைக் காட்டியது. அவர்கள் விரும்பியது ரிக்கி வில்லியம்ஸ் என்னும் ஓட்டக்காரரை. வந்த அன்றே வசை கேட்ட அவ்வீரர், பதினொரு பருவங்கள் அந்நகருக்காக ஆடினார். 2002ஆம் ஆண்டு நவம்பரில், கணுக்கால் எலும்பு முறிந்த நிலையிலும் களத்தை விட்டு நீங்காது, ஒரே ஆட்டத்தில் நான்குமுறை பந்தெறிந்து புள்ளிபெறச் செய்தார். பந்தெறிந்து பெற்ற மொத்தத் தூரத்தில் அக்கழகத்தின் வரலாற்றில் இன்றும் அவரே முதல்வர்.

எனினும் கிண்ணம் மட்டும் கைக்கு எட்டவில்லை. ஐந்துமுறை அவ்வணி இறுதிப் போட்டிக்கு முந்திய படியை அடைந்தது. நான்குமுறை அங்கேயே தடுக்கி விழுந்தது. ஒருமுறை அப்படியைக் கடந்து, 2005ஆம் ஆண்டு பெப்ரவரியில் இறுதிப் போட்டியில் நியூ இங்கிலாந்து அணியைச் சந்தித்து, 24க்கு 21 என்ற கணக்கில் தோற்றது. ‘இவரால் இவ்வளவு தூரம் வந்தோம்’ என்றனர் ஒரு சாரார். ‘இவரால் இதற்கப்பால் போகமுடியவில்லை’ என்றனர் மற்றொரு சாரார். இரண்டையும் ஒருங்கே கூறியவர்களே மிகப் பலர்.

2010ஆம் ஆண்டில் மக்நாப்புக்கு வயது முப்பத்துமூன்று. ஒப்பந்தத்தில் எஞ்சியிருந்தது ஓராண்டு. கெவின் கொப் என்னும் இளையவர் காத்திருந்தார். ஆதலின் மாற்றம் வரும் என்பதைப் பலர் எதிர்பார்த்தனர். எவரும் எதிர்பாராதது அவர் சென்ற இடம். வாஷிங்டன் அணியும் பிலடெல்பியா அணியும் ஒரே பிரிவைச் சேர்ந்த பரம்பரைப் போட்டியாளர். ஆண்டுதோறும் இருமுறை மோதுபவர். நகரங்களுக்கு இடையேயான தூரமும் ஏறக்குறைய 140 மைல்தான். தன் படைத்தலைவனை அயல்நாட்டு அரசனுக்கு விற்பதுபோன்றது இது. அதற்கு ஈடாகக் கிடைத்தது, அவ்வாண்டுப் புதியவர் தேர்வில் 37ஆவது இடமும், அடுத்த ஆண்டில் பின்வரிசை இடமொன்றும் மாத்திரமே.

குடும்பத்தோடு விருந்துண்டு மகிழும் பெருநாளின் மாலையில் இச்செய்தி வெளிவந்தது. அதனைக் கேட்ட ரசிகனின் உள்ளத்தில் பல உணர்ச்சிகள் ஒன்றோடொன்று முட்டி மோதின. புதியவருக்கு வழி பிறந்தது என்று முதலில் ஓர் ஆறுதல். பதினோராண்டு உழைத்தவரை இவ்வாறு அனுப்பலாமா என்று அதனை அடுத்து ஒரு கூச்சம். நம் ஆட்டத்தின் நுணுக்கமெல்லாம் அறிந்தவர் நாளை நமக்கெதிராக நிற்பாரே என்று ஓர் அச்சம். நிர்வாகத்தார் அஞ்சாமல் பகைவனுக்கே கொடுத்தார்களெனில், அவர் ஆற்றல் தேய்ந்துவிட்டது என்று அறிந்துதான் கொடுத்தார்களோ என்று ஓர் ஐயம். ‘அவர் போகட்டும்’ என்று ஆண்டுகள் பல கூறி வந்தவனே, அவர் போன அன்று நெஞ்சம் கனத்து நின்றான்.

இதன் காரணம் யாது? கழகத்தின் கணக்கு வேறு. ரசிகனின் கணக்கு வேறு. கழகம் வருங்காலத்தை எண்ணி வீரனை மதிப்பிடும். சம்பளம், வயது, ஒப்பந்தக் காலம் ஆகியவையே அதன் அளவுகோல்கள். ரசிகனோ கடந்த காலத்தை எண்ணி மதிப்பிடுகிறான். அவனுக்கு மக்நாப் ஒரு கணக்குவரி அல்லர். தன் வாழ்நாளில் பதினோராண்டு. தந்தையோடு அமர்ந்து கண்ட ஆட்டங்களும், நண்பரோடு நிகழ்த்திய வாதங்களும் அப்பெயரோடு பிணைந்துள்ளன.

பின்னர் நிகழ்ந்தவை இருதரப்பாரின் கூற்றுக்கும் சிறிது சான்றளித்தன. 2010 ஒக்டோபர் 3ஆம் திகதி மக்நாப் எதிரணிச் சட்டையோடு பிலடெல்பியா மைதானத்துள் நுழைந்தார். ஒருகாலத்தில் வசைபாடிய நகரம் எழுந்து நின்று கைதட்டிற்று. அன்று வாஷிங்டன் 17க்கு 12 என வென்றது. ஆனால் நவம்பரில் மீண்டும் சந்தித்தபொழுது பிலடெல்பியா 59க்கு 28 என வென்றது. அவ்வெற்றியை ஈட்டித் தந்தவர் காத்திருந்த கொப் அல்லர். கொப் காயமுற்றதால் வாய்ப்புப் பெற்ற மைக்கல் விக் என்பவர். டிசம்பரில் மக்நாப் வாஷிங்டனின் முதலணியிலிருந்து நீக்கப்பட்டார்; அடுத்த ஆண்டில் மினசோட்டாவுக்கு மாறினார். கழகத்தின் கணக்கு பெரும்பாலும் பொய்க்கவில்லை. ஆயினும் அது நம்பிய இளைஞரை அன்றி, எதிர்பாராத ஒருவரையே காலம் முன்னிறுத்தியது.

2013 செப்ரெம்பர் 19ஆம் திகதி பிலடெல்பியாக் கழகம் மக்நாப்பை அழைத்து, அவர் அணிந்த 5 என்னும் இலக்கத்தை வேறெவரும் அணியாதவாறு ஓய்வுகொடுத்துக் கௌரவித்தது. அவரால் எட்டமுடியாத கிண்ணத்தை 2018ஆம் ஆண்டில் அவ்வணி வேறொருவர் தலைமையில் முதன்முறையாக வென்றது.

இறுதியில் ரசிகனின் பற்று வீரனுக்கு உரியதா, சட்டைக்கு உரியதா? உயிர்த்த ஞாயிறன்று பிலடெல்பியா ரசிகன் சட்டையைக் கைவிடவில்லை. அடுத்த பருவத்திலும் அதே அணிக்காகவே ஆரவாரித்தான். ஆயினும் ஒக்டோபரில் வாஷிங்டன் சட்டையோடு வந்தவரைக் கண்டதும் எழுந்து நின்றான். அந்தச் சில நிமிடங்களில் அவன் மரியாதை செய்தது சட்டைக்கன்று, தனக்காக முறிந்த காலோடு நின்று ஆடியவருக்கே.