கியூஆர் குறியீட்டின் பிழைதிருத்த நிலைகள்

பிழைதிருத்த நிலை என்பது, இருபரிமாணப் பட்டைக் குறியீட்டின் ஒரு பகுதி சிதைந்தாலும் அதிலுள்ள தரவை மீட்பதற்காக எவ்வளவு மிகைத் தரவு சேர்க்கப்பட்டுள்ளது என்பதைக் குறிப்பதாகும். 1994 ஆம் ஆண்டில் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாகிரோ ஹரா தலைமையிலான குழு உருவாக்கிய கியூஆர் குறியீட்டில் எல், எம், கியூ, எச் என நான்கு நிலைகள் உள்ளன. இவை முறையே ஏறத்தாழ 7%, 15%, 25%, 30% சிதைவைத் தாங்கவல்லவை.

பயன்பாட்டுச் சூழல்

செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரத்தில் இக்குறியீடு இருவேறு சூழல்களில் காணப்படுகிறது. கடற்கரைக் கோயில், ஐந்து இரதங்கள் ஆகியவற்றைக் காண இந்தியத் தொல்லியல் துறை இணையவழி வழங்கும் நுழைவுச்சீட்டில் உள்ள குறியீடு பெரும்பாலும் கைப்பேசித் திரையில் காட்டப்படுவது, அது தேய்வதில்லை. கடைகளின் முன் வைக்கப்படும் யுபிஐ கட்டண அட்டையோ வெயில், உப்புக்காற்று, மணல் ஆகியவற்றுக்கு உள்ளாகிறது. முன்னதற்குத் தாழ்ந்த நிலை போதும். பின்னதற்கு உயர்ந்த நிலை பொருந்தும்.

செயற்படும் முறை

இர்விங் ரீடு, குஸ்தாவ் சாலமன் ஆகியோர் 1960 இல் வெளியிட்ட ரீடு-சாலமன் குறிமுறை இங்கு பயன்படுகிறது. மிகச் சிறிய கியூஆர் குறியீடு 21×21 கட்டங்களைக் கொண்டது. அதிலுள்ள 26 பைட்டுகள் பின்வருமாறு பங்கிடப்படுகின்றன:

* எல்: தரவு 19, திருத்தம் 7
* எம்: தரவு 16, திருத்தம் 10
* கியூ: தரவு 13, திருத்தம் 13
* எச்: தரவு 9, திருத்தம் 17

பாதுகாப்பு கூடும்போது தரவுக்கான இடம் குறைகிறது. எடுத்துக்காட்டாக, 60 பைட்டு நீளமுள்ள ஒரு முகவரிக்கு எல் நிலையில் 33×33 கட்டங்கள் போதும். எச் நிலையில் 45×45 தேவை. 9 செ.மீ. அகலத்தில் அச்சிட்டால் ஒரு கட்டம் முன்னதில் ஏறத்தாழ 2.7 மி.மீ., பின்னதில் 2 மி.மீ. இருக்கும். எனவே உயர்ந்த நிலையைத் தொலைவிலிருந்து படிப்பது கடினமாகலாம். குறியீட்டின் நடுவே பதிக்கும் சின்னமும் சிதைவாகவே கணக்கிடப்படும்.

நிரலில் குறித்தல்

எந்த நிலை பயன்பட்டது என்பதைப் படிக்கும் கருவி முதலில் அறிய வேண்டும். அதற்காக வடிவத் தகவல் எனப்படும் 15 பிட்டுகள் குறியீட்டில் இருமுறை எழுதப்படுகின்றன. அவற்றுள் 2 பிட்டுகள் நிலையையும், 3 பிட்டுகள் மறைப்பு வடிவத்தையும் குறிக்கும். எஞ்சிய 10 பிட்டுகள் இவ்வைந்தையும் பிழையிலிருந்து காப்பவை. நிலைக்குரிய பிட்டுகள்:

* எல்: 01
* எம்: 00
* கியூ: 11
* எச்: 10

இவ்வெண்கள் வலிமை வரிசையில் அமையவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நிரலாளர் நிலைகளுக்கு 0, 1, 2, 3 என வரிசையெண் இட்டு, அதையே பிட்டுகளாக எழுதினால் எல் எம் ஆகவும், எம் எல் ஆகவும், கியூ எச் ஆகவும், எச் கியூ ஆகவும் மாறிவிடும். 19 தரவு பைட்டுகளுடன் எழுதப்பட்டதைப் படிக்கும் கருவி 16 எனக் கொண்டு பிரிக்கும். இதனால் ஒரு புள்ளியும் சிதையாத குறியீடுகூடப் படிக்க இயலாததாகிவிடும். எழுதும் நிரலிலும் படிக்கும் நிரலிலும் இதே பிழை இருந்தால், அவ்விரண்டையும் கொண்டு செய்யும் சோதனையில் அது வெளிப்படாது. பிறர் கைப்பேசியிலேயே தெரியவரும்.

ஆகவே நிலையின் பெயர், வலிமை வரிசை, பிட்டுகள் ஆகிய மூன்றையும் தனித்தனியே வைத்திருப்பது நன்று. சீப்ரா கிராசிங் என்னும் திறமூல நிரலகம் ஒவ்வொரு நிலைக்கும் உரிய பிட்டுகளை வெளிப்படையாக எழுதி, பிட்டுகளிலிருந்து நிலையை அறிய எம், எல், எச், கியூ என்ற தனி அட்டவணையை வைத்துள்ளது. வரிசையெண்ணின் கடைசிப் பிட்டை மட்டும் புரட்டினாலும் சரியான மதிப்புக் கிடைக்கும். ஆயினும், பின்னர் நிரலைப் படிப்பவருக்கு அட்டவணையே தெளிவானது.

வரம்பு

பிழைதிருத்தம் தரவுப் பைட்டுகளுக்கே உரியது. மூன்று மூலைகளிலுள்ள சதுரங்களைக் கொண்டே கருவி குறியீட்டைக் கண்டறிகிறது. அவை பெரிதும் அழிந்துவிட்டால், எச் நிலையில் அமைந்த அட்டையும் பயன்படாமல் போகலாம்.