ஸெல்களின் அகால மரணம்

சென்ற ஆண்டு மார்கழி மாதத்தில் ஒரு நாள், பின்னிரவு இரண்டு மணிக்கு, எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவருக்கு மார்பில் பாறாங்கல்லை ஏற்றி வைத்தாற்போன்ற வலி கண்டது. குளிர் காலத்திலும் நெற்றி வியர்த்துக் கொட்டிற்று. "வாயுதான், விடிந்தால் சரியாய்ப் போய்விடும்" என்று அவரே தீர்ப்பளித்துவிட்டார். சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். ஆறு மணிக்குப் பிறகே ஆஸ்பத்திரிக்கு வண்டி கிளம்பிற்று. உயிர் தப்பியது தெய்வாதீனந்தான். ஆனால், வெள்ளிக்கிழமை தோறும் மலைக்கோயில் படிகளைச் சளைக்காமல் ஏறி வந்தவர், இன்று வீட்டு மாடிப்படியில் பத்துப் படி ஏறுவதற்குள் மூச்சிரைத்து உட்கார்ந்துவிடுகிறார்.

அந்த நான்கு மணி நேரத்தில் அவருடைய இருதயத்துக்குள் நடந்தது என்ன? இதைத் தெரிந்துகொள்வது ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவசியம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதலானேன்.

நமது தேகம் கோடானுகோடி ஸெல்களால் ஆனது. அவற்றில் எண்ணற்றவை நாள்தோறும் இறக்கின்றன. அதனால் நமக்கு ஒரு தீங்கும் இல்லை. ஆயினும், ஸெல்களின் சாவில் இரு வகை உண்டு. 1960-களில் ஜான் கெர் என்னும் ஆஸ்திரேலிய நிபுணர், எலிகளின் ஈரலுக்குச் செல்லும் இரத்தக் குழாய் ஒன்றைக் கட்டி அடைத்துவிட்டு, ஈரலைப் பூதக்கண்ணாடியில் பரிசோதித்தார். சில இடங்களில் ஸெல்கள் கூட்டங் கூட்டமாக அழிந்து கிடந்தன. வேறு இடங்களிலோ, தனித்தனி ஸெல்கள் சந்தடியின்றிச் சுருங்கி மறைந்துகொண்டிருந்தன.

இந்தச் சந்தடியற்ற சாவுக்கு, 1972-ல் அவரும் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வைலி, கர்ரி என்னும் இருவரும் 'அபாப்டோஸிஸ்' என்று பெயர் சூட்டினர். இலையும் மலரும் உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. தவளைக் குஞ்சின் வால் மறைவதும், கர்ப்பத்திலுள்ள சிசுவின் விரல்களுக்கு இடையிலுள்ள சவ்வு நீங்குவதும் இவ்விதமே. ஸெல் தன்னைத் தானே சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டிக்கொள்ள, அண்டை ஸெல்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. ஒரு துளியும் வெளியே சிந்துவதில்லை.

மற்றது 'நெக்ரோஸிஸ்'. பிணம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. இஃது பெரும்பாலும் விபத்தால் நேரும் அகால மரணம். ஓட்டைத் தோணியில் ஒருவன் ஓயாமல் தண்ணீரை இறைத்துக் கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவன் கை ஓய்ந்தால் தோணியின் கதி என்ன? அவ்வாறே ஒவ்வொரு ஸெல்லும் உட்புகும் ஸோடிய உப்பை இடைவிடாது வெளியேற்றிக் கொண்டிருக்கிறது. இரத்தம் நின்றால் பிராணவாயு இல்லை, பிராணவாயு இன்றேல் போதிய சக்தி இல்லை, இறைப்பு நின்றுவிடுகிறது. உப்பும் நீரும் புகுந்து ஸெல் ஊதுகிறது, மேலுறை கிழிகிறது, உள்ளிருந்த சரக்கெல்லாம் வெளியே கொட்டுகிறது. அதைக் கண்டு வெள்ளை அணுக்கள் படையெடுக்கின்றன. அந்தக் கலவரத்தில் அக்கம் பக்கத்து ஸெல்களும் அடிபடுகின்றன.

மாரடைப்பில் நிகழ்வது இதுவே. இரத்தம் அடியோடு தடைப்பட்டுச் சுமார் 20 அல்லது 30 நிமிஷங்களில் இருதயத் தசை மீள முடியாதபடி மடியத் தொடங்குகிறது. 1977-ல் ரெய்மர், ஜென்னிங்ஸ் முதலியோர் நாய்களிடம் நடத்திய ஆராய்ச்சி, இந்த அழிவு இருதயச் சுவரின் உட்புறத்தில் ஆரம்பித்துச் சில மணி நேரத்தில் வெளிப்புறம் வரையில் அலைபோல் பரவுகிறது என்று காட்டிற்று. வெடித்த தசையிலிருந்து கசியும் 'ட்ரோபோனின்' என்னும் பொருளை இரத்தத்தில் கண்டே வைத்தியர்கள் சேதத்தை அறிகிறார்கள்.

தோலில் பட்ட காயம் ஆறிப் புதுத் தோல் வளர்கிறது. இருதயத் தசையோ அவ்வாறு வளர்வதில்லை. மாண்ட இடத்தில் வெறும் தழும்பே மிஞ்சுகிறது. தழும்பு சுருங்கி விரியாது. இரத்தத்தை உந்தித் தள்ளாது. நம் பெரியவர் மாடிப்படியில் உட்கார்ந்துவிடும் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? அலை முழுதும் பரவுவதற்குள் அடைப்பை நீக்கினால், எஞ்சிய தசையைக் காப்பாற்றிவிடலாம்.

ஆகவே, மார்பில் அழுத்தமும் வியர்வையும் கண்டால், இடது தோளுக்கோ தாடைக்கோ வலி பரவினால், நடுநிசியானாலும் 108-க்குத் தகவல் கொடுங்கள். நீரிழிவுக்காரருக்கும் பெண்களுக்கும் சில சமயம் வலியே இராது. மூச்சுத் திணறலும் அசாதாரணமான களைப்பும் மட்டுமே காணும்.

சுக்குக் கஷாயத்தின்பேரில் எனக்கு யாதொரு விரோதமும் இல்லை. ஆஸ்பத்திரியில் "வெறும் வாயுதான்" என்று சொல்லி அனுப்பினால், திரும்பி வந்து ஆற அமர அதை அருந்தலாம்.