பூஸ்ட்டுக்கு முன் பெட்ரோல்

சென்ற விடுமுறையில் கிள்ளானில் உள்ள என் பெரியப்பாவின் கார் பட்டறைக்குப் போயிருந்தேன். மேசையில் ஒரு பழைய துணியை விரித்து, அதன்மேல் ஓர் உலோகத் துண்டை வைத்திருந்தார். விரல் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன். நடுவில் உடைந்திருந்தது.

“இதுதாம்மா உங்க அண்ணனோட மூணு வருஷச் சேமிப்பு” என்றார்.

அண்ணன் வாங்கியது மஸ்டா ஆர்எக்ஸ்-7. ‘இனிஷியல் டி’ பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வாங்கியதும் புகைபோக்கிக் குழாயை மாற்றினார். பிறகு டர்போ காற்றைத் தள்ளும் அழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டை, 0.7 பாரிலிருந்து 1 பாருக்கு உயர்த்தினார். “பெட்ரோல் வேலைய அடுத்த மாசம் போனஸ் வந்ததும் பார்த்துக்கலாம்” என்று தள்ளிப்போட்டார். இரண்டே வாரத்தில் கார் இழுவை இழந்து, இழுவை வண்டியில் திரும்பி வந்தது.

பூஸ்ட்டை ஏற்றிய அன்று பக்கத்தில் நின்று, “இன்னும் கொஞ்சம் ஏத்துங்கண்ணா” என்று சொன்னவள் நான். இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி என்ற பெருமையில் சொன்னேன். ஒரு கணக்குகூடப் போட்டுப் பார்க்காமல் சொன்னேன்.

பிஸ்டன் இல்லாத இயந்திரம்

ஆர்எக்ஸ்-7 காரில் பிஸ்டன் கிடையாது. ஜெர்மானியப் பொறியாளர் ஃபெலிக்ஸ் வாங்கலின் யோசனையில் உருவான சுழல் இயந்திரம் அது. முதல் மாதிரி 1957-ல் ஓடியது. உரிமம் பெற்ற மஸ்டா, 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் என்ற காரில் இரண்டு ரோட்டர் கொண்ட இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

பக்கங்கள் சற்றே புடைத்த முக்கோணம்போல இருக்கும் ரோட்டர், ஓர் உறைக்குள் சுழல்கிறது. அதன் மூன்று முனைகளிலும் மெல்லிய சீல்கள் உள்ளன. ‘அப்பெக்ஸ் சீல்’ என்பார்கள். காற்றும் பெட்ரோலும் எரியும் அறையை அடைத்துக் காப்பவை இவைதான். பெரியப்பாவின் மேசையில் கிடந்தது அவற்றுள் ஒன்று.

டர்போ கூடுதல் காற்றைத் திணிக்கும்போது அதற்கேற்ற பெட்ரோலும் வந்தாக வேண்டும். பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் அதைவிட 14.7 மடங்கு காற்று தேவை என்று பாடத்தில் படிக்கிறோம். டர்போ முழுவீச்சில் ஓடும் சுழல் இயந்திரத்திலோ, மெக்கானிக்குகள் அந்த விகிதத்தைச் சுமார் 11-க்குக் குறைத்து வைக்கிறார்கள். அதிகப்படியான பெட்ரோல், எரியறையின் சூட்டைத் தணிக்கிறது. பெட்ரோல் போதாவிட்டால் சூடு ஏறும். கலவை நேரம் தவறி வெடிக்கும். இதுதான் ‘நாக்கிங்’. பிஸ்டன் இயந்திரம் அதைச் சற்று நேரம் தாங்கக்கூடும். மெல்லிய சீல் ஒரே அடியில் உடைந்துவிடும்.

பூஸ்ட் 0.7 பார் என்றால், வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து 1.7 பார். 1 பார் என்றால் 2 பார். ஆக, காற்று ஏறத்தாழ 18 விழுக்காடு கூடுகிறது. பெட்ரோலும் அதே அளவு கூட வேண்டும். காரின் கணினி கேட்டது. பழைய பம்ப்பால் கொடுக்க முடியவில்லை.

கணக்குப் போடும்மா

“படிக்கிற பிள்ளதானே? 400 குதிரைத்திறன் வேணும்னு உங்க அண்ணன் கேட்கிறான். எவ்வளவு பெட்ரோல் வேணும்? கணக்குப் போடும்மா” என்று பெரியப்பா காகிதத்தை நீட்டினார்.

சுழல் இயந்திரம் பிஸ்டன் இயந்திரத்தைவிடப் பெட்ரோலை அதிகம் குடிக்கும். டர்போவோடு ஓடும்போது ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 7 சிசி என்பது பட்டறைக் கணக்கு. 400-ஐ 7-ஆல் பெருக்கினால் 2,800 சிசி. காரில் ஏற்கெனவே நான்கு இன்ஜெக்டர்கள் உள்ளன. 550 சிசியில் இரண்டு, 850 சிசியில் இரண்டு. கூட்டினால் அதே 2,800! “போதும் பெரியப்பா, மாத்தவே வேணாம்” என்று துள்ளினேன்.

“அது முழு நேரமும் திறந்தே இருந்தா வர்ற அளவும்மா” என்றார்.

இன்ஜெக்டர் ஒவ்வொரு சுற்றிலும் திறந்து மூட வேண்டும். திறக்கவும் நேரம் பிடிக்கும். நிமிடத்துக்கு 8,000 சுற்றுகள் ஓடும்போது ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 7.5 மில்லி விநாடி. நாம் படிக்கும் நான்கு வீச்சு பிஸ்டன் இயந்திரத்தில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரியும். அங்கே 15 மில்லி விநாடி கிடைக்கும். சுழல் இயந்திரத்தில் ஒவ்வொரு ரோட்டரும் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரிகிறது. அவகாசம் பாதிதான்.

அதனால் இன்ஜெக்டரின் திறனில் 85 விழுக்காட்டுக்குமேல் நம்பக்கூடாது. 2,800-ல் 85 விழுக்காடு 2,380. அது சுமார் 340 குதிரைத்திறனுக்குத்தான் போதும். பெரிய இன்ஜெக்டர்கள் இரண்டையும் 1,300 சிசியாக மாற்றினால் மொத்தம் 3,700. அதில் 85 விழுக்காடு 3,145. கையிருப்போடு போதும். சிறிய இரண்டையும் மாற்றவில்லை. கார் நிற்கும்போதும் மெதுவாக ஓடும்போதும் கொஞ்சமாகப் பெட்ரோல் விடுவது அவற்றின் வேலை. அவையும் பெரிதானால் அளவு தவறி ஸ்பார்க் பிளக் நனைந்துவிடலாம்.

பம்ப் சொன்ன உண்மை

இன்ஜெக்டர் பெரிதானால் மட்டும் போதாது. நிமிடத்துக்கு 2,800 சிசி என்றால் மணிக்கு 168 லிட்டர். பெரியப்பா பழைய பம்ப்பைப் பட்டறைக்குப் பின்னால் திறந்த வெளியில், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோதித்தார். அழுத்தம் இல்லாதபோது நன்றாகவே ஓடியது. 4 பார் அழுத்தம் கொடுத்ததும் ஓட்டம் பாதியாகச் சுருங்கியது. பெட்டியில் ‘255 லிட்டர்’ என்று எழுதியிருக்கும் புதிய பம்ப்பும் அழுத்தம் ஏற ஏறக் குறைவாகத்தான் தரும். மின்கம்பி பழையதாகி மின்னழுத்தம் குறைந்தால் இன்னும் குறையும். அதனால் பம்ப்போடு கம்பியையும் ஃபில்டரையும் மாற்றினோம்.

ஏன் 4 பார்? குழாயில் பெட்ரோல் 3 பாரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரே டர்போ 1 பாரில் தள்ளினால் இன்ஜெக்டருக்கு மிஞ்சுவது 2 பார்தான். ஓட்டம் அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் சுமார் 18 விழுக்காடு குறையும். பெட்ரோல் அதிகம் தேவைப்படும் அதே நொடியில் குறையும்! அதைத் தடுக்கவே அழுத்தச் சீராக்கி இருக்கிறது. பூஸ்ட் ஒரு பார் ஏறினால் பெட்ரோல் அழுத்தத்தையும் ஒரு பார் ஏற்றிவிடும்.

டாங்கிக்குள் மூழ்கியிருக்கும் சிறு குழாயிலும் கவனம் வேண்டும். சாதாரண பெட்ரோல் குழாய் உள்பக்கம்தான் பெட்ரோலைத் தாங்கும். வெளிப்பக்கம் ஊறினால் கெட்டுவிடும். மூழ்குவதற்கென்றே செய்த குழாயைக் கேட்டு வாங்க வேண்டும். இந்த வேலைகள் எதையும் பழகாத கையால் வீட்டில் செய்யக்கூடாது. காரில் மாற்றம் செய்யும் முன் ஜேபிஜே விதிகளையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியில்தான் பூஸ்ட்

புதிய சீல்கள், பம்ப், கம்பி, ஃபில்டர், சீராக்கி, இன்ஜெக்டர், அதன்பிறகு கணினியில் புதிய அளவுகள். இவையெல்லாம் முடிந்த பிறகும் பூஸ்ட் 0.7 பாரிலேயே இருந்தது. காற்று–பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் மீட்டர் பொருத்தி, சோதனை உருளையில் காரை ஓட்டிப் பார்த்தோம். முழு அழுத்தத்திலும் எண் 11-ஐ ஒட்டியே நின்றது.

“இப்ப ஏத்தலாமா?” என்று அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார். இம்முறை நான் உடனே பதில் சொல்லவில்லை. காகிதத்தை எடுத்தேன்.