கொழுந்து விலையும் கணிதப் பட்டமும்

பச்சைத் தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாத விலை அறிவித்துவிட்டால் நீலகிரியில் பிக்கட்டி, மஞ்சூர் பக்கம் பேச்சே அதுதான். அந்த விலைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு எளியது. ஏலத்தில் தூள் கிலோவுக்குச் சராசரியாக 100 ரூபாய் போனது என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ கொழுந்தில் 24 கிலோ தூள் தேறினால், ஒரு கிலோ கொழுந்தின் மதிப்பு 24 ரூபாய். அதில் விவசாயியின் பங்கு 65 சதவீதம், மீதி தொழிற்சாலைக்கு. கைக்கு வருவது 15 ரூபாய் 60 காசு. தேறும் தூளில் ஒரு கிலோ குறைந்தால் 65 காசு போயிற்று.

இந்தப் பெருக்கலை எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். அடுத்த மாதம் ஏல விலை எவ்வளவு ஏறி இறங்கும், மழை தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று கேட்கும்போதுதான் நிகழ்தகவும் புள்ளியியலும் தேவைப்படுகின்றன. அவற்றைக் கற்றுத் தருவது பல்கலைக்கழகக் கணிதம்.

ஆனாலும் ப்ளஸ் டூ முடித்த பிள்ளை கணிதம் எடுக்கிறேன் என்றால், "கணக்கு படிச்சா வாத்தியார் வேலைதான்" என்கிறார்கள். நல்ல கணக்கு வாத்தியார் மலைக்கிராமத்துப் பள்ளிக்குக் கிடைத்தால் அது பெரும் பேறு. பி.எட்., டெட், ஆசிரியர் தேர்வு வாரியம் என்று அதற்கான வழியும் தெளிவாகவே இருக்கிறது. அது ஒன்றுதான் வழி என்று நம்பி மற்றதைத் தெரிந்துகொள்ளாமல் மூன்று வருடத்தை ஓட்டிவிடுவதுதான் மனதை வருத்துகிறது.

இங்கிருந்து கணிதம் படிக்கப் பக்கத்தில் இருப்பது ஊட்டி அரசு கலைக் கல்லூரி. ஆங்கிலேய அதிகாரி சல்லிவன் கட்டிய ஸ்டோன் ஹவுஸ் இருக்கும் வளாகத்தில் 1955 முதல் இயங்குகிறது. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் முதல் வருடத்தில் ஒரு திகைப்பு காத்திருக்கும். பள்ளியில் விடை வந்தால் போதும். இங்கே நிரூபிக்க வேண்டும். ஒரு தொடர்வரிசை ஓர் எண்ணை நெருங்குகிறது என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. எவ்வளவு சிறிய இடைவெளியைக் கேட்டாலும், எந்த உறுப்புக்குப் பிறகு எல்லாமே அதற்குள் அடங்கும் என்று காட்ட வேண்டும். பள்ளியில் சதம் அடித்தவர்களும் இங்கே தடுமாறுவார்கள். அதற்குப் பயந்து நிரூபணத்தை மனப்பாடம் செய்வதுதான் ஆபத்து. மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வுகள் சோதிப்பதே நிரூபணத்தைப் புரிந்துகொண்டோமா என்பதைத்தான்.

வகுப்பறைக்கு வெளியே, ஊட்டி அருகே முத்தோரையில் கணிதம் கண்ணெதிரே நிற்கிறது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-ல் அமைந்த வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளம். அது வடக்கு தெற்காகச் சுமார் 11 பாகை சரியும் மலைச்சரிவில் படுத்திருக்கிறது. அந்த இடத்தின் அட்சரேகையும் அதே 11 பாகைதான். அதனால் அதன் அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாகிவிட, அந்த ஓர் அச்சில் திருப்பினாலே ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். கல்லூரிப் பிள்ளைகள் ஒரு முறையாவது இதைப் பார்க்க வேண்டும்.

வேலைக்கான வழிகளில் பெரும்பாலும் கவனிக்கப்படாதது புள்ளியியல். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை எழுத, பட்டப் படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் புள்ளியியலில் முதுகலைப் பட்டம் வேண்டும். எனவே துணைப்பாடம் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே அந்த வாய்ப்பை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. காப்பீட்டு நிறுவனங்களுக்கு இடர் கணிக்கும் ஆக்சுவரி ஆக விரும்பினால், அதற்கான நுழைவுத் தேர்வை ப்ளஸ் டூ முடித்ததுமே எழுதலாம். அடுத்தடுத்த தாள்களை முடிக்கப் பல வருடப் பொறுமை வேண்டும். புள்ளியியல் ஆராய்ச்சிக்கும் வழி திறக்கும். சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்த எஸ்.ஆர்.எஸ். வரதன், தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாடு கற்கும் எண்ணத்தோடுதான் கொல்கத்தா போனார். அங்கே நண்பர்கள் அவரை நிகழ்தகவுப் பக்கம் இழுத்தார்கள். அரிதாக நடப்பவற்றின் வாய்ப்பை அளக்கும் அவருடைய கோட்பாட்டுக்கு 2007-ல் ஏபெல் பரிசு கிடைத்தது.

ஆராய்ச்சியில் ஆசை இருந்தால் சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகமும் தரமணியில் கணித அறிவியல் கழகமும் இருக்கின்றன. ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு. கணிதத்துக்கும் கணிதப் புள்ளியியலுக்கும் தனித்தனித் தாள். அதை இறுதியாண்டில் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம். பட்டம் கைக்கு வந்த பிறகு விசாரிப்பவருக்கு ஒரு வருடம் வீண். மூன்றாம் வருடம் கல்லூரி திறந்ததுமே, விண்ணப்பம் எப்போது என்று துறையில் கேட்டுவிடுங்கள்.